தங்கச்சி படித்த பள்ளிக்கூடத்தின் பெயர்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு ஒரே பெயர் கிடையாது. விருதுநகரில் எங்கள் தெருவுக்குள்ளேயே ஐந்தாறு பெயர்கள் புழங்கின. ஓட்டுக் கூரை போட்ட முனிசிபாலிட்டிப் பள்ளிக்கு வெறும் ‘பள்ளிக்கூடம்’. பெரிய பையன்கள் போனது ‘ஐஸ்கூல்’. அந்தச் சொல்லைச் சொல்லும்போது பெற்றவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். வாசல் வளைவில் ‘வித்தியாசாலை’ என்று சிமெண்டில் எழுத்தெடுத்திருந்த இடத்தை யாரும் அந்தப் பெயரால் அழைத்து நான் கேட்டதில்லை. ‘மேலப் பள்ளிக்கூடம்’ என்பார்கள். கிராமத்துப் பக்கம், பிள்ளைகள் தக்ளி சுற்றி நூல் நூற்ற பள்ளி ‘பேசிக் ஸ்கூல்’. வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு போகிற இடம் ‘கான்வெண்ட்’. அது மதுரையில் இருந்தது. ‘போர்டிங்’ எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. சேட்டை பண்ணுகிற பிள்ளைகளை மிரட்டுவதற்கு அந்தச் சொல் இருந்தது.

சொல் மட்டுமில்லை, வினையும் மாறும். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். கான்வெண்டில் படிக்கவைப்பார்கள். போர்டிங்கில் போடுவார்கள். என் தங்கச்சி போன இடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கள் வீட்டில், “கொண்டுபோய் விட்டுட்டு வந்தோம்” என்றார்கள். இரவல் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

தங்கச்சிக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. ஒன்றிரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தவள் அதையும் மறந்துபோனாள். எனக்கு அப்போது நான்கு வயது. பேச்சுப் போன இடத்தில் கை வந்தது. யார் முதலில் ஆரம்பித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஐயாவுக்குச் சிவகாசியில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கிற அச்சாபீஸ் இருந்தது. எவ்வளவு கழுவினாலும் அவர் விரல் நுனியில் மசி நிற்கும். அதனால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்தால் ஐயா. இடுப்பில் தட்டினால் சாவிக்கொத்து, அதாவது அம்மா. என் புருவத்தில் ஒரு வெட்டுக்காயம் உண்டு. தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினால் அது நான். பசி, கோபம், வெயில், நேற்று, நாளை, பொய் எல்லாவற்றுக்கும் எங்களிடம் கை இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அதில் பாதிகூடத் தெரியாது. அவள் எதையாவது சொல்ல வந்தால் உடனே என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

“ஏ பிள்ள, இங்கன வா. என்னங்கிறா, கேளு.”

கேட்டுச் சொல்வேன். அந்த வேலையில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. தெருவில் மற்ற பிள்ளைகளோடு நான் விளையாடினது குறைவு. அவள் இருந்தாள், போதும்.

அவளுக்கு ஏழு வயது நடந்தபோது, காது கேட்காத பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி தெற்கே இருப்பதாக ஐயாவிடம் யாரோ சொன்னார்கள். வைகாசி வெயிலில் ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு ரயிலேறினார்கள். தகரப் பெட்டி ஒன்று புதிதாக வாங்கியிருந்தார்கள். என்னைக் கூட்டிப்போகவில்லை. இரண்டு நாள் கழித்து ஐயாவும் அம்மாவும் மட்டும் திரும்பினார்கள். அம்மா நேராகக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பள்ளிக்குப் பெயர்கள் முளைத்தன. பக்கத்து வீட்டில் கேட்டால் “போர்டிங்”. சொந்தக்காரர்களிடம் “வெளியூர்ல படிக்கா”. சிவகாசியிலிருந்து ஐயாவோடு தொழில் பேச வருகிறவர்களின் வீட்டம்மாக்களிடம் “கான்வெண்ட்”. ஒருமுறை அப்படி வந்த ஒரு அம்மா, நான் காப்பித் தட்டோடு நிற்கும்போது கேட்டாள்.

“கான்வெண்டுன்னா இங்கிலீசு நல்லாப் பேசுவாளே?”

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். “இப்பத்தான சேர்த்திருக்கு. போகப் போகப் பேசுவா.”

உள்ள பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. தெருவில் சொன்னார்கள். ‘ஊமப் பள்ளிக்கூடம்.’ என் வகுப்பில் ஒருத்தி அதை என்னிடமே சொன்னாள். அவளோடு சண்டை போடக்கூட எனக்குத் தெரியவில்லை. வாயால் சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்லை.

தங்கச்சி இல்லாத அந்த இரண்டு வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடைவேளையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். என்னை அறியாமல் மடிக்குள் கை அசையும். “கைய ஆட்டாதடி” என்று டீச்சர் சொல்வார். வீட்டில் கூப்பிடுவதற்கும் காரணம் இல்லாமல் போனது. சாப்பிடு, படி, விளக்கு வை என்று சொல்வார்கள். “என்னங்கிறா, கேளு” என்று யாரும் சொல்லவில்லை. ஐயா கொண்டுவரும் வீணான லேபிள் தாள்களின் முதுகில் அவளுக்குப் படம் போட்டு அடுக்கிவைப்பேன். முன்பக்கம் மயிலும் கிளியும் பாதிச் சாயத்தோடு நிற்கும். முதல் வருஷ லீவுக்கு அவள் வந்தபோது எல்லாவற்றையும் காட்டினேன். சிரித்தாள். அந்தத் தடவை அவ்வளவாக வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் வந்தவள் வேறு பெண். உயரமாகியிருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் 27 என்று எழுதியிருந்தது. அது தன் நம்பர் என்று நெஞ்சில் தட்டிக் காட்டினாள். அவள் கைகள் வேகமாகப் போயின. பாதி எனக்குப் புரியவில்லை. நாங்கள் இருவரும் செய்துவைத்த அசைவுகளுக்கு நடுவே நான் பார்த்திராத அசைவுகள் வந்து விழுந்தன. நான் முழிப்பதைப் பார்த்து நிறுத்தி, பழைய கையில் மெதுவாகத் திரும்பச் சொல்வாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

பகலெல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் வைத்து நுங்கு உறிஞ்சிக்கொண்டே தன் ஆட்களைப் பற்றிச் சொல்வாள். கன்னத்தில் விரலை அழுத்தினால் குழி விழுகிற ஒருத்தி. மூக்கின் மேல் புள்ளி வைத்தால் மச்சக்காரி. தோளிலிருந்து இடுப்புவரை கையை இறக்கினால் நீளச் சடைக்காரி. அவளுக்கு மட்டும் முடி வெட்ட அவளுடைய அம்மா சம்மதிக்கவில்லையாம். பிறகு இரண்டு ஆட்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று கொக்கி மாதிரி மாட்டி இழுத்துக் காட்டுவாள். சேக்காளிகள், அதாவது சிநேகிதிகள் என்று அர்த்தம். அந்தப் பள்ளிக்கும் அதே அசைவுதான் வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் வைத்திருந்த அசைவு உள்ளங்கையில் பிரம்படி.

அவளிடம் அத்தனை பேர் இருந்தார்கள். என்னிடம் அவள் ஒருத்திதான். புது அசைவுகளைச் சொல்லித் தருகிறேன் என்று அவள் என் விரலைப் பிடித்து மடக்கியபோது நான் கையை இழுத்துக்கொண்டேன்.

லீவு முடியப் பத்து நாள் இருந்தது. பெரியம்மா ஒரு நாள் வந்து அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசினாள். “படிக்கவக்கிற இடம்ங்கிறீக. அது அநாதப் பிள்ளைகள வச்சிருக்கிற மடம் மாதிரின்னு சொல்றாக. பெத்த தாய் இருக்கும்போது ஏன் அங்க கொண்டுபோய் விடணும்?” என்றாள். அன்று சாயங்காலம் ஐயா சிவகாசி பஸ்ஸில் வந்து இறங்கி, மண்ணெண்ணெய்த் துணியால் மசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா அழுதாள்.

“இனிமே அனுப்ப மாட்டேன். எங்கண் முன்னால கெடக்கட்டும்.”

“அழாத. அவளுக்கு அங்க இருக்க இஷ்டமா இல்லையான்னு அவகிட்டயே கேப்போம்” என்றார் ஐயா. அப்படி ஒரு பெண்பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கிற வீடுகள் அன்றைக்கு எத்தனை இருந்திருக்கும்? ஐயாவின் நல்ல குணம் அது. கேட்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி நான்.

“ஏ பிள்ள, இங்கன வா. திரும்பப் போறியா, வீட்லயே இருக்கியான்னு கேளு.”

கேட்டேன். நேர்மையாகத்தான் கேட்டேன். தங்கச்சி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இரண்டு விரல்களையும் கொக்கியாக மாட்டி மூன்று முறை இழுத்தாள். கன்னத்துக் குழி, மூக்கு மச்சம், நீளச் சடை என்று வரிசையாகச் சொன்னாள். பெட்டி இருந்த பக்கம் கையை நீட்டினாள். மறுபடியும் விரல்களை மாட்டிக்கொண்டு, ஐயாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

“என்னங்கிறா?”

“போகமாட்டேங்கிறா” என்றேன். இல்லை என்று தலையையும் ஆட்டினேன்.

“ஏனாம்?”

அவள் விரல்கள் இன்னும் கொக்கியாக மாட்டியபடியே இருந்தன. ஐயாவின் கண் அங்கேதான் இருந்தது.

“கையக் கட்டிப் போடுறாகளாம்.”

அம்மா ஒரு சத்தம் போட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஐயா மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் வைத்தபடியே அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் தோளுக்கு மேலாகத் தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் கைகள் அம்மாவின் அணைப்புக்குள் மாட்டியிருந்தன. எதுவும் சொல்ல முடியாது.

மறுநாள் அம்மா பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். மத்தியானம் பார்த்தால் துணிகள் பெட்டிக்குள் இருந்தன. தங்கச்சி திரும்ப எடுத்து வைத்திருந்தாள். அம்மா மறுபடி அலமாரியில் வைத்தாள். அவள் மறுபடி பெட்டியில் வைத்தாள். மூன்றாம் நாள் அம்மா பெட்டிக்குள் புளியை நிரப்பி மூடியைச் சாத்தினாள். தங்கச்சி பெட்டிப் பக்கத்தில் நின்று மூடியிலிருந்த வெள்ளை நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

பள்ளி திறக்கிற நாள் வந்து போயிற்று. அவள் வீட்டில் இருந்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. முதல் நாலைந்து நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் கையால் கேட்டால் பதில் சொல்வாள், கேட்டதற்கு மட்டும். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். விளையாடலாமா? சரி. அழவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. நான் படிக்கும்போதும் தலை வாரும்போதும் எதிரே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி. எனக்கு அது பொறுக்காமல் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வேன். அவள் இல்லாத இரண்டு வருஷம்கூட அப்படி ஒரு தனிமையை நான் உணர்ந்ததில்லை.

‘சொல்லிவிடு’ என்று எனக்குள் ஒரு குரல் இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. நாளாக ஆக, சொல்ல முடியாத காரணங்கள் கூடிக்கொண்டு போயின.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஐயா எங்கள் இருவரையும் தன்னோடு அச்சாபீசுக்குக் கூட்டிப்போனார். தீபாவளி சீசன். லேபிள் ஆர்டர்கள் குவிந்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடியது. பஸ் போகிற வழி முழுக்க மழை காணாத கரிசல் வெடித்துக் கிடந்தது. அச்சாபீசில் சாய வாடை நெஞ்சை அடைத்தது. சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஆட்கள் கையைக் காட்டித்தான் வேலை வாங்கினார்கள். தங்கச்சி சுவரில் உள்ளங்கையைப் பதித்து மெஷின் அதிர்வதை வாங்கிக்கொண்டு நின்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் முகம் தெளிந்திருந்தது.

ஐயா மேஜையில் புரூப் தாள் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி போய்ப் பக்கத்தில் நின்றாள். தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். ‘மயில்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் ‘மயில’ என்று இருந்தது. விரலால் புள்ளி வைத்துக் காட்டினாள். ஐயா தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, ஏதோ விளையாட்டுக்குச் செய்கிறவர் மாதிரி, ஒரு வீணான தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை அவளிடம் கொடுத்தார்.

அவள் நின்றபடியே குனிந்து எழுதினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, நல்ல உருண்டைக் கையெழுத்தில்.

‘ஐயா நான் பள்ளி போக வேண்டும்.’

ஐயா அதைப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் சாயக் கறை படிந்த தரையைப் பார்த்தேன். ஐயா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தங்கச்சி தாளைத் தன் பக்கம் இழுத்து அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

‘அக்கா தப்பாகப் பார்த்துவிட்டது.’

ஐயா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து வந்து என் தலையில் கை வைத்து, சத்தத்துக்கு மேலாக என் காதருகே குனிந்து சொன்னார். “நீ என்ன பண்ணுவ தாயி. ஒனக்கும் சின்ன வயசுதான. நாங்க ஒன்ன நம்பி அம்புட்டுப் பெரிய காரியத்தக் கேட்டிருக்கக் கூடாது.”

அடித்திருக்கலாம்.

அடுத்த வாரமே பெட்டியிலிருந்து புளியைக் கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்தார்கள். இந்தத் தடவை என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். பிளாட்பாரத்தில் ஐயாவுக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் நின்றார். “எங்க, கான்வெண்டுக்கா போறீக?” என்று கேட்டார். ஐயா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “காது கேக்காத பிள்ளைக படிக்கிற பள்ளிக்கூடம். எம் மக அங்க படிக்கா. நல்லா எழுதுவா” என்றார். அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஆனால் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு அந்தப் பெயர்தான்.

ரயில் புறப்படும்போது தங்கச்சி ஜன்னல் வழியாகத் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் கை காட்டினேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் “என்னங்கிறா, கேளு” என்று கூப்பிடவில்லை. லீவுக்கு வந்தால் அவளிடம் ஒரு பலகையைக் கொடுத்துவிடுவார்கள். அவள் எழுதிக் காட்டுவாள். நான் சரியாகப் புரிந்துகொள்ளத் தெரியாதவள் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளும் அப்படித்தான் நம்பினாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ஐயாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதே மாதிரி ஒரு பள்ளியில் தையல் டீச்சராக வேலை பார்த்து, அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினாள். எங்கள் பழைய கை இருவருக்குமே பாதி மறந்துவிட்டது. விடுபட்ட இடத்தை நோட்டில் எழுதி நிரப்பிக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம், இனிமேல் சொல்ல நாள் இருக்காது என்று தோன்றி, அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுதிக் காட்டினேன். நான் தப்பாகப் பார்க்கவில்லை, சரியாகத்தான் பார்த்தேன், வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னேன் என்று.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். நோட்டை வாங்கி எழுதினாள். ‘அன்னைக்கே தெரியும். நீ தலையாட்டினதைப் பார்த்தேன். வாயையும் பார்த்தேன். வாயைப் பார்த்துப் படிக்க அங்கே அதற்கு முந்தின வருஷமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நீயே ஐயாவிடம் சொல்லுவாய் என்று ஆடி வரைக்கும் பார்த்தேன்.’

அப்படியானால் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். அவள் எழுதினாள்.

‘நிஜத்தை எழுதியிருந்தால் ஐயா உன்னை அடித்திருப்பார். அப்புறம் லீவுக்கு வந்தால் நீ என்கூடப் பேசமாட்டாய். அந்த வீட்டில் என்கூடப் பேச வேறு யார் இருந்தார்கள்?’

பதில் எழுத நான் நோட்டையும் பென்சிலையும் வாங்கினேன். அவள் என் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கிவைத்துவிட்டு, பசிக்கிறது என்று எங்கள் பழைய கையில் சொன்னாள்.